ஐந்தாவது சில்லும் அத்தானின் கால்களும்

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கதையில் யானை இல்லை.

சென்ற மாதம் கிளிநொச்சியில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கு வீட்டுப் பந்தியில் இருந்தபோது, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத மனிதர் சோற்றைக் குழைத்துக்கொண்டே எனக்கு ஒரு கதை சொன்னார். "பரந்தன் பக்கம் ஒரு வாத்தியாம் அண்ணை. காருக்குப் பெரிய டயர் போட்டுக்கொண்டு மாப்பிளையை ஏத்தப் போனவனாம். குறுக்கு வழியெண்டு காட்டுக்கை விட்டு, யானை மறிச்சு, மாப்பிளை மரத்தில ஏறி நிண்டவராம்." நான் மறுத்துப் பேசவில்லை. பருப்புக் கறி இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அந்த வாத்தி நான்தான் என்று சொல்லியிருந்தால் மனிதர் கையைக் கழுவாமலே எழும்பிப் போய் இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பார்.

எட்டு வருடமாக இந்தக் கதை வன்னிக்குள் ஓடித் திரிகிறது. முதல் இரண்டு வருடம் உள்ளபடி ஓடியது. மூன்றாம் வருடம் அதில் ஒரு முதலை சேர்ந்தது (அது என் சித்தப்பாவின் கைங்கரியம்). நான் முதலையை மறுத்து முடிப்பதற்குள் யானையும் வந்துவிட்டது. மறுத்து மறுத்து எனக்கு வாய் உளைகிறது. ஆகவே நடந்ததை நானே ஒருமுறை ஒழுங்காக எழுதிவைத்துவிட்டு ஓய்ந்துபோகலாம் என்று இருக்கிறேன். என்னை நாறடிக்க நடந்ததே காணும். மிருகங்கள் தேவையில்லை.

பரந்தன் சந்திக்குக் கிட்ட தவம் அண்ணையின் டயர்க் கடை இருக்கிறது. பின்னேரம் ஐந்து மணி தாண்டினால் அங்கே ஐந்தாறு பேர் கூடுவோம். உட்காரக் கதிரை கிடையாது. பழைய லொறி டயர்களில்தான் இருப்போம். பக்கத்துக் கடையிலிருந்து பால் விடாத பிளேன்ரீ வரும். எல்லோருக்கும் வாகனப் பைத்தியம், வாகனம் உள்ளவர்கள் மட்டும் குறைவு. எந்தக் கார் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும், ஹைபிரிட் பற்றரி எத்தனை வருடம் தாங்கும், வெள்ளைக் கார் சேற்றைக் காட்டுமா கறுப்புக் கார் தூசியைக் காட்டுமா என்று, நாளைக்கே காசைக் கையில் வைத்துக்கொண்டு கொழும்புக்குப் போகிறவர்கள் மாதிரிக் கதைப்போம். பிறகு அவரவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவோம்.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. பௌதிகவியல் ரியூசன் வாத்தி. உராய்வு பற்றிய பாடத்தை வருடத்துக்கு மூன்று முறை படிப்பிப்பவன் என்பதால், டயர் என்ற பொருளைப் பற்றி உலகத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் பொறித்திருக்கும். முதல் இரண்டும் அது செய்யப்பட்ட வாரம், மற்ற இரண்டும் வருடம். இதை எங்கோ வாசித்த நாளிலிருந்து கண்ட கண்ட வாகனத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்து இலக்கம் வாசிப்பது என் வேலையாகப் போனது. ஒரு செத்த வீட்டில், பிரேதம் ஏற்ற வந்த வாகனத்தின் டயர் பத்து வருடம் பழசு என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

"அதில போறவருக்கு இனி என்ன தம்பி அவசரம்?" என்றார் மணியண்ணை.

மணியண்ணை கலியாண வீடுகளுக்கு வான் ஓடுபவர். ஸ்டியரிங் பிடிக்கத் தொடங்கி முப்பது வருடத்துக்கு மேலாகிறது. வாகனம் பற்றி அவரிடம் ஒரேயொரு கொள்கைதான் உண்டு. "டயருக்குக் காத்து, ஓடுறவனுக்கு நித்திரை. இது ரெண்டும் இருந்தாக் காணும்." இவ்வளவு எளிமையான கொள்கை எனக்குக் கட்டோடு பிடிக்காது. தொடுகைப் பரப்பு, அமுக்கம், வெப்ப விரிவு என்று அவருக்கு விளங்கப்படுத்துவேன். அவர் பிளேன்ரீயை ஊதி ஊதிக் குடிப்பார்.

அந்த வருடம்தான் நான் என் முதல் காரை வாங்கினேன். ஏற்கெனவே இரண்டு பேர் ஓடித் தேய்த்த சின்ன ஜப்பான் கார். வந்தபோது அதற்குப் பதினாலு இஞ்சி விட்டமுள்ள சில்லுகள் இருந்தன. அடக்கமான, ஒருவருக்கும் தீங்கு நினைக்காத சில்லுகள். அவற்றைக் கழற்றிவிட்டுப் பதினேழு இஞ்சி ரிம்மும் தட்டை டயரும் போட வேண்டும் என்று தவம் அண்ணையிடம் போய் நின்றேன்.

தட்டை டயர் என்றால், அதன் சுவர் இரண்டு விரல் உயரம்தான் இருக்கும். ரிம்முக்கும் றோட்டுக்கும் நடுவில் பெரிதாக ஒன்றும் இல்லை. பார்வைக்கு நல்ல எடுப்பு.

தவம் அண்ணை டயரை ஒருமுறை பார்த்தார், வெளியே றோட்டை ஒருமுறை பார்த்தார். "இது கார்ப்பெற் றோட்டில மட்டும் ஓடுற ஆக்களுக்குச் சரி தம்பி. உன்ர வீட்டு ஒழுங்கைக்குள்ள எப்பிடி?"

"கிரிப் கூட அண்ணை."

"பள்ளம் கிடங்குக்குள்ள விழுந்தா கிரிப் என்ன செய்யும்?"

"விழமாட்டன்."

அவர் பெருமூச்சு விட்டுவிட்டுப் பூட்டித் தந்தார். என் பெருமூச்சுகளும் அநேகமாக அன்றிலிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவுக்கு அப்போது முப்பத்துமூன்று வயது. அதற்கு மூன்று வருடம் முன்பு ஒரு சம்பந்தம் பேசி, கார்ட் அடித்து, பாதிப் பேருக்குக் கொடுத்தும் விட்ட பிறகு மாப்பிள்ளை வீட்டார் சொல் மாறிவிட்டார்கள். மிச்சக் கார்ட்டுகளை அக்கா தானே அடுப்பில் வைத்தா. அதற்குப் பிறகு வேறு ஆட்களின் கலியாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டா. இரண்டாவதாகப் பொருந்தி வந்தவர்தான் துணுக்காயைச் சேர்ந்த சுகந்தன், என் அத்தான். விவசாயப் போதனாசிரியர். கதை குறைவு. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுகிற ஆள்.

கலியாணத்துக்கு முதல் நாள் அக்கா குசினிக் கதவடியில் என்னை மறித்தா.

"நாளைக்கு நீதான் தோழன். அவரை நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்துப்போடு. எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

"அக்கா, என்ர காரில கூட்டிக்கொண்டு வாறன். பயப்பிடாதை."

"அதுதான் சொல்லுறன்," என்றா அக்கா.

எங்கள் கலியாணங்களில் பெண்ணின் சகோதரன்தான் மாப்பிள்ளைக்குத் தோழன். மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் அவரை அழைத்துவந்து, மண்டப வாசலில் அவருடைய காலைக் கழுவி உள்ளே கூட்டிப்போக வேண்டும். அதற்கு மாப்பிள்ளை தோழனின் விரலில் ஒரு மோதிரம் போடுவார். கழுவுவது என்பது பேச்சுக்குத்தான். செம்பிலிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீர் பெருவிரலில் பட்டால் போதும். அதற்கு ஒரு மோதிரம் என்பது கொஞ்சம் அதிகப்படியான கூலி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முகூர்த்தம் பத்து இருபதிலிருந்து பதினொன்று முப்பத்தைந்து வரை. மண்டபம் பரந்தனில். வழியில், ஏ-ஒன்பது றோட்டில், முறிகண்டிப் பிள்ளையார் கோயில். அந்த றோட்டால் போகிற எந்த வாகனமும் அவருக்கு முன்னால் நிற்காமல் போவதில்லை. இதில் அம்மா வேறு, இந்தக் கலியாணம் ஒப்பேறினால் மாப்பிள்ளை வரும் வழியில் இருபத்தொரு தேங்காய் உடைப்பதாக நேர்த்தி வைத்திருந்தா. அந்த இருபத்தொரு தேங்காயும் என் காரில் ஏற வேண்டும் என்று உத்தரவு.

சீற்றெல்லாம் பலகாரத் தட்டுகள். டிக்கியில் வாழைக்குலை. தேங்காயை அங்கே இங்கே போட்டால் உருண்டு உருண்டு என் காரைக் கீறிவிடும். எங்கே வைப்பது என்று டிக்கியின் தட்டைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் ஸ்பெயார் வீல் படுத்திருந்தது. பதினாலு இஞ்சி. மற்ற நாலும் பதினேழு. காலில் சப்பாத்துப் போட்டவன் கைக்குள் ஒற்றைச் செருப்பையும் கொண்டு திரிகிற மாதிரி எனக்குப் பட்டது. அதோடு, வெளிநாட்டில் புதிதாக வருகிற கார்களில் ஸ்பெயார் வீலே கிடையாது, பாரம் குறைந்தால் பெற்றோலும் குறையும் என்று அந்தக் கிழமைதான் டயர்க் கடையில் அரை மணித்தியாலம் விளக்கம் கொடுத்திருந்தேன்.

"சின்னதெண்டாலும் அவசரத்துக்கு உருளும் தம்பி. அது அங்க கிடக்கட்டும்," என்று தவம் அண்ணை அப்போதே சொன்னார். அவருக்கு நாலாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போல் திரும்பவும் விளக்கினேன்.

சில்லைத் தூக்கி வீட்டுக் கிணற்றடியில் போட்டேன். அது இருந்த பள்ளத்தில் இருபத்தொரு தேங்காயும் அச்சொட்டாக அடங்கின. ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. பிள்ளையாரே அளந்து செய்த இடம் என்று அம்மா சந்தோசப்பட்டா.

மறுநாள் காலை துணுக்காயில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. அத்தான் பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக வந்து முன் சீற்றில் ஏறினார். பலகாரத் தட்டுகளை இறக்கியதில் காலியான பின் சீற்றில் அவருடைய குலம் மாமா ஏறினார். குலம் மாமா ஓய்வுபெற்ற அதிபர். பின்னால் மணியண்ணையின் வான், அதற்குப் பின்னால் மாப்பிள்ளை வீட்டாரின் பஸ்.

"தம்பி, முன்னுக்கு மெதுவாப் போ. நாங்கள் பின்னால வாறம்," என்றார் மணியண்ணை.

இந்த இடத்தில் நான் செய்தது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. 'மெதுவாப் போ' என்ற சொல் என்னைச் சுட்டது. அந்த மனிதர் வானோடு முறிகண்டிக்கு வந்து சேரும்போது, நான் தேங்காயெல்லாம் உடைத்து முடித்துவிட்டுக் கோயில் வாசலில் விற்கிற கச்சான் கடலையைக் காரில் சாய்ந்து கொறித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று ஆசை வந்தது. அவ்வளவுதான். அக்காவின் மூன்று வருடத்தை நான் கடதாசியில் சுற்றிய ஒரு கச்சான் சரைக்கு எதிரே வைத்தேன்.

முதல் வளைவில் அவர்கள் கண்ணுக்கு மறைந்ததும், காட்டுக்குள்ளால் போய் ஏ-ஒன்பது றோட்டில் ஏறுகிற உள்வீதிக்குக் காரைத் திருப்பினேன்.

"இது மெயின் றோட்டில்லையே," என்றார் பின்னாலிருந்து குலம் மாமா.

"இது கிட்ட மாமா. பதினைஞ்சு நிமிசம் மிச்சம்."

"முந்தநாள் பெய்த மழைக்குப் பிறகு உதால ஆர் போறது?" என்று அவர் விடாமல் கேட்டார்.

டயர் அகலமானால் தொடுகைப் பரப்பு கூடும், பரப்பு கூடினால் பிடிப்பு கூடும் என்று நான் தொடங்கினேன். (உராய்வு பரப்பில் தங்கியில்லை என்பதுதான் என் பாடப் புத்தகத்தில் உள்ளது. அதைத்தான் வருடம் மூன்று முறை படிப்பிக்கிறேன். காரில் ஏறினால் எனக்கு வேறு பௌதிகவியல்.) பேசிக்கொண்டே அத்தான் பக்கம் திரும்பினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. முன்னால் பார்த்து, "கிடங்கு," என்று ஒரு சொல் சொன்னார். கேட்காமலே அவர் சொன்ன முதல் சொல் அதுதான்.

முன் இடப்பக்கச் சில்லு இறங்கியது. 'டப்' என்று ஒரு சத்தம். கார் ஒரு பக்கம் சரிந்து, பத்து யார் தூரம் இழுத்துக்கொண்டு போய் நின்றது. இறங்கிப் பார்த்தேன். டயரின் சுவர் கையளவு கிழிந்து போயிருந்தது. ரிம்மின் விளிம்பு அப்பளம் மாதிரி வளைந்து கிடந்தது. இரண்டு பக்கமும் காடு. போனில் சிக்னல் ஒரு கோடு கூட இல்லை.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. சில்லை மாத்தும்," என்றார் குலம் மாமா.

நான் டிக்கிக்குக் கிட்டப் போகவில்லை. அவர் தானே போய் டிக்கியைத் திறந்து, வாழைக்குலையை இறக்கி, அடித்தட்டைத் தூக்கினார். சில்லு இருக்க வேண்டிய இடத்தில் இருபத்தொரு தேங்காய், குடுமியோடு, ஒழுங்காக அடுக்கிக் கிடந்தன. அத்தானும் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்.

"சில்லு எங்கை?"

"தேங்காய் இருக்கு மாமா."

முப்பது வருடம் பள்ளிக்கூடம் நடத்திய மனிதர். என்னைப் போல ஆயிரம் பேரைக் கண்டிருப்பார். ஒரு தேங்காயைக் கையில் எடுத்தார். என் தலையைப் பார்த்தார். அத்தான் மெதுவாக அதை வாங்கித் திரும்பவும் பள்ளத்தில் வைத்தார்.

"நேரம் என்ன தம்பி?" என்று கேட்டார் அத்தான். ஒன்பது ஐந்து. பத்து இருபதுக்கு முகூர்த்தம் தொடங்குகிறது. மண்டபத்தில் அக்கா இப்போது மாப்பிள்ளை கையால் வாங்குகிற கூறைச் சேலைக்குக் காத்துக்கொண்டு இருப்பா. மாப்பிள்ளை வரவில்லை என்று ஒரு வாய் சொன்னால் போதும், அடுத்த வாய் 'இந்த முறையும்' என்று சொல்லும். நான் போய்க் கிழிந்த டயருக்குப் பக்கத்தில் குந்திவிட்டேன். பழக்க தோசத்தில் கண் தானாக இலக்கத்துக்குப் போனது. டயர் புத்தம் புதுசு. செய்து பதினாலு வாரம்தான்.

நாற்பது நிமிடம் போன பிறகு ஒரு லாண்ட்மாஸ்டர் வந்தது. இரண்டு சில்லு உழவு இயந்திரம், பின்னால் பெட்டி கொளுவியது, நடந்து வருகிற வேகத்தில் வந்தது. பெட்டியில் மாட்டெரு. ஓட்டி வந்தவர் இராமையா அண்ணன் என்று பிறகு தெரிந்துகொண்டோம். மலையகத்திலிருந்து வந்த குடும்பம், அந்தப் பக்கம் வயல் செய்கிறவர்.

"என்னாங்க இது, மாப்பிளையா?" என்றார். காரைச் சுற்றிப் பார்த்தார். "இந்த டயர வச்சிக்கிட்டா இந்த ரோட்டுல வந்தீங்க? வேற சில்லு இல்லீங்களா?"

"அதில தேங்காய் வச்சிருக்கிறார்," என்றார் குலம் மாமா.

இராமையா அண்ணன் எருவை றோட்டோரம் கொட்டினார். இரண்டு யூரியாச் சாக்கை உதறி விரித்தார். "உக்காருங்க மாப்பிள, ஒண்ணும் ஆவாது. மெயின் ரோட்டுல கொண்டாந்து விட்டுர்றேன்." அத்தான் பட்டு வேட்டியோடு அதில் ஏறி உட்கார்ந்தார். குலம் மாமா வாழைக்குலையை மடியில் வைத்துக்கொண்டார். நான் இருபத்தொரு தேங்காயையும் ஏற்றினேன். ஏறும்போது லாண்ட்மாஸ்டரின் டயரைப் பார்த்தேன். இலக்கம் என்ன, டயரில் ஒரு கோடுகூட மிச்சமில்லை. மொட்டை. ஆனால் அது ஓடியது.

ஓரிடத்தில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு றோட்டுக்குக் குறுக்கே தண்ணீர் போனது. நடுவில் லாண்ட்மாஸ்டர் புதைந்து நின்றுவிட்டது. (முதலை சேர்ந்த இடம் இதுதான். அங்கே ஒரு தவளைகூட இருக்கவில்லை.) நான் இறங்கித் தனியாகத் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. திரும்பிப் பார்த்தால் அத்தான் தலைப்பாகையைக் கழற்றிக் குலம் மாமாவிடம் கொடுத்துவிட்டு, வேட்டியைத் தொடைக்கு மேல் வரிந்து கட்டிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்.

"அத்தான், நீங்கள் வேண்டாம்."

"வயல்ல எத்தனை தரம் தள்ளியிருக்கிறன். நீ அந்தப் பக்கம் பிடி," என்றார்.

இருவரும் தள்ளினோம். பெட்டி கிளம்பியது. எங்கள் முழங்கால் வரை கரிய களிமண் அப்பியிருந்தது. வேட்டியை மட்டும் எப்படியோ காப்பாற்றிவிட்டார். ஏறி உட்கார்ந்த பிறகு காலிரண்டையும் பெட்டிக்கு வெளியே தொங்கப் போட்டுக்கொண்டு, "அக்கா பயப்பிடுவாவே?" என்று மெல்லிய குரலில் கேட்டார். நான் குனிந்து தேங்காய்களை எண்ணத் தொடங்கினேன்.

முறிகண்டிக்கு வந்தபோது பத்து ஐம்பது. வானும் பஸ்ஸும் அங்கே நின்றன. மாப்பிள்ளைக் கார் முன்னால் போய்விட்டதாக நினைத்து வந்தவர்கள், காரைக் காணாமல் ஆளுக்கொரு பக்கம் போன் அடித்துக்கொண்டு நின்றார்கள். கையில் கச்சான் சரைகளோடுதான் நின்றார்கள். லாண்ட்மாஸ்டர் பெட்டியிலிருந்து தலைப்பாகை வைத்த மாப்பிள்ளை இறங்கியதும், கச்சான் கொறிக்கிற சத்தம் நின்றது.

மணியண்ணை மட்டும் கிட்ட வந்து லாண்ட்மாஸ்டரின் சில்லை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். "இது எத்தனை இஞ்சி தம்பி?" என்றார்.

என் போனில் சிக்னல் வந்து, தவறிய அழைப்புகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அக்காவுக்கு எடுத்தேன். பின்னால் மேளம் கேட்டது. அக்கா ஒன்றும் ஏசவில்லை.

"அவர் உன்னோட நிக்கிறாரோ இல்லையோ? அதை மட்டும் சொல்லு."

"நிக்கிறார் அக்கா."

மறுபக்கம் அக்கா யாருக்கோ 'வாறாராம்' என்று சொல்வது கேட்டது. பிறகு, "சரி. கெதியா வா," என்று வைத்துவிட்டா.

வானில் ஏறப் போனோம். குலம் மாமா அசையவில்லை. "இவ்வளவும் இந்தத் தேங்காயால வந்தது. இதை உடைக்காமல் நான் ஒரு அடி வைக்கமாட்டன்," என்றார். விவாதித்துக்கொண்டிருக்க நேரமில்லை. இருபத்தொன்றையும் நான் ஒருவனாக அடித்து உடைத்தேன். பதினேழாவது தேங்காய் ரிம் மாதிரி வளைந்து கொடுக்காமல் எகிறிப் போய்விட்டது. ஓடிப் பிடித்து வந்து உடைத்தேன். வேர்த்து ஒழுகியது. இராமையா அண்ணன் நாலு பாதிகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டு, "நல்லா இருங்க மாப்பிள," என்று சொல்லிப் போனார்.

மணியண்ணை வானை எடுத்தார். முப்பது வருட அனுபவம் என்றால் என்ன என்று நான் அன்றுதான் பார்த்தேன். அவர் வேகமாகவே போகவில்லை. எங்கும் பிரேக் போடவும் இல்லை. பதினொன்று பதினைந்துக்கு மண்டப வாசலில் நின்றோம்.

இனி என் கடமை. மண்டப வாசலில் பலகை போட்டிருந்தது. அத்தான் ஏறி நின்றார். நான் செம்பை எடுத்து வழக்கம் போல் இரண்டு சொட்டு விட்டேன். களி அசையவில்லை. வழியில் காய்ந்து இறுகியிருந்தது. முழுச் செம்பையும் ஊற்றினேன். கறுப்புத் தண்ணீர் ஓடி ஐயருடைய காலடிக்குப் போனது. அவர் பின்னால் நகர்ந்தார்.

"இன்னொரு செம்பு," என்றார் யாரோ.

ஆறு செம்பு போனது. விரல் இடுக்குகளை நான் நகத்தால் சுரண்டினேன். கணுக்காலை என் சால்வையால் தேய்த்தேன். ஊரே சுற்றி நின்று பார்த்தது. வீடியோக்காரர் முழங்காலில் நின்று கிட்டப் பிடித்தார். "தம்பி, முகத்தைக் கொஞ்சம் நிமித்துங்கோ. ஓம், இனித் தேயுங்கோ," என்றார். ஐயர், "காணும், காணும், நேரம் போகுது," என்றார். நான் எழும்பப் போனேன். அத்தான் குனிந்து என் காதுக்குள், "தம்பி, மற்றக் குதிக்காலிலயும் கொஞ்சம் இருக்கு," என்றார்.

அதையும் கழுவினேன். அவர் என் சேறு பிடித்த விரலில் மோதிரத்தைப் போட்டார். கூலி அதிகம் என்று அதற்குப் பிறகு நான் எங்கும் சொல்லவில்லை.

பதினொன்று முப்பத்தொன்றுக்குத் தாலி ஏறியது. நாலு நிமிடம் மிச்சம். அக்கா மணவறையில் குனிந்த தலை நிமிராமல் இருந்தா. அவரோடு ஒட்டி உட்கார்ந்தபோது அத்தானின் வேட்டிக் கரையிலிருந்து எரு வாசம் வந்திருக்க வேண்டும். அக்காவின் மூக்குச் சுருங்கியது. மெல்ல அவர் காலைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா. என் சால்வை, என் நகம், என் தலையில் ஒட்டியிருந்த தேங்காய்த் தும்பு எல்லாவற்றையும் பார்த்தா. அக்கா சிரித்துவிட்டா. ஐயர் மந்திரத்தை நிறுத்திப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தா. மூன்று வருடம் எங்கள் வீட்டில் கேட்காத சிரிப்பு அது. நான் தூணுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். (வீடியோவில் அதுவும் இருக்கிறது.)

நடந்தது இவ்வளவுதான். யானை எங்கேயாவது தெரிந்ததா?

இப்போதும் பின்னேரங்களில் டயர்க் கடைக்குப் போகிறேன். கால் பழகிவிட்டது, வேறு காரணம் இல்லை. வாகன இறக்குமதி சில வருடம் நின்றுபோய்த் திரும்பத் தொடங்கியதிலிருந்து அங்கே கதைக்கு முடிவே இல்லை. மின்சாரக் காருக்கு வெள்ளத்தில் என்ன ஆகும், புதுக் காருக்குக் கொடுக்கிற விலையில் எத்தனை ஏக்கர் வயல் வாங்கலாம் என்று அதே லொறி டயர்களில் இருந்து அலசுகிறார்கள். எனக்குக் கேட்கவே களைப்பாக இருக்கிறது. என் காருக்கு மறுபடியும் பதினாலு இஞ்சி டயர்தான். 'புதுசா வாறதில ஸ்பெயார் வீல் இல்லையாம்' என்று யாராவது தொடங்கினால் எல்லோரும் ஒருமுறை என் பக்கம் திரும்புவார்கள். தவம் அண்ணை பெருமூச்சு மட்டும் விடுவார்.

எங்கள் வீடு வழக்கப்படி அக்காவுக்குச் சீதனமாகப் போனது. நான் கிணற்றடியில் தூக்கிப் போட்ட சில்லை ஒருவரும் அந்த இடத்தைவிட்டு எடுக்கவில்லை. அத்தான் அதன் நடுவில் சீமெந்து போட்டு, கால் கழுவுகிற கல்லாக்கிவிட்டார். அந்த வீட்டுக்கு யார் போனாலும் அதில் ஏறி நின்று கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். நான் ஏறி நிற்கும்போது மட்டும் தண்ணீர் ஊற்றுவது அத்தானின் வேலை. எட்டு வருடத்தில் அவர் கொஞ்சம் கதைக்கப் பழகிவிட்டார். ஒவ்வொரு முறையும் செம்பைச் சரித்துவிட்டு விரலை நீட்டுவார். "காலைக் கழுவிவிட்டிட்டன். மோதிரத்தைத் தா."

அன்றைக்கு எனக்கும் அலுத்துப்போயிருந்தது. கொடுத்துத் தொலைக்கலாம் என்று மோதிரத்தை இழுத்தேன். விரல் தடித்துவிட்டது. திருகிப் பார்த்தேன், சவர்க்காரம் போட்டுப் பார்த்தேன். வரவில்லை.

அத்தான் என் கையைப் பிடித்துப் பார்த்தார். மிச்சத் தண்ணீரை என் காலில் ஊற்றினார்.

"விடு தம்பி," என்றார். "கழட்டி வைக்க ஏலாத சாமான் எண்டு உன்னட்டை இது ஒண்டாவது இருக்கட்டும்."